ஜோகாமாச்சி: கோட்டை நகரமா, கோட்டையடியூரா?

ஃபுகுயி நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இச்சிஜோதானி என்றொரு ஒடுங்கிய பள்ளத்தாக்கு இருக்கிறது. ஜப்பானின் இடைக்கால ‘ஜோகாமாச்சி’ ஒன்றைத் தெருவும் வீடும் கிணறுமாக மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த இடம் அது. இந்தச் சொல்லைத் தமிழில் ‘கோட்டை நகரம்’ என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அதை நம்பிப் போகிறவர், வெள்ளைச் சுவரும் அடுக்கடுக்கான கூரையும் கொண்ட கோட்டை எங்கே என்று தேடுவார். வரிசை வரிசையாக அடிக்கற்கள், கல் கட்டிய கிணறுகள், சில தோட்டங்கள், நடுவே ஒரு சிற்றாறு, இவைதான் கண்ணில் படும். கோட்டை மலை மேல் இருந்தது. ஊர் கீழே இருந்தது. சொல்லிலேயே அது இருக்கிறது. நாம்தான் அந்த எழுத்தை விட்டுவிட்டோம்.

ஜோ, கா, மாச்சி என்று மூன்று எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு முழுச் சொல்லைக் குறிக்கும், சீனத்திலிருந்து வந்த எழுத்து. ஜோ என்றால் கோட்டை, கா என்றால் கீழ், மாச்சி என்றால் ஊர்.

கோட்டையைக் குறிக்கும் எழுத்தின் இடப்பக்கத்தில் ‘மண்’ என்ற குறி இருக்கிறது. சீனத்தில் அது நகர மதிலையும், மதில் சூழ்ந்த நகரத்தையுமே குறித்தது. ஜப்பானில் ஊர் முழுவதையும் மதிலுக்குள் அடைக்கும் பழக்கம் பெரிதாக வேரூன்றவில்லை. அதனால் அதே எழுத்து தலைவனின் அரணை மட்டும் குறிக்கும்படி சுருங்கியது. இதற்கு ‘ஷிரோ’ என்ற இன்னொரு வாசிப்பும் உண்டு. அது வந்த வழி சுவையானது. 794இல் பேரரசர் கம்மு இன்றைய கியோட்டோவுக்குத் தலைநகரை மாற்றினார். அந்த நாட்டுப் பகுதிக்கு யாமாஷிரோ என்று பெயர். எழுதியது ‘மலைக்குப் பின்புறம்’ என்ற பொருள் தரும் எழுத்துகளில். தலைநகரம் வந்த இடம் ‘பின்புறம்’ ஆகலாமா? ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் ‘மலைக்கோட்டை’ என்று மாற்றினார்கள். ‘ஷிரோ’ என்ற ஒலி அந்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

மாச்சி வயலில் பிறந்த எழுத்து. அதன் இடப்பக்கத்தில் இருப்பது ‘வயல்’. முதற்பொருள் வயல் வரப்பு. வரப்பு பிரித்த நிலத்துண்டு, அப்புறம் நகரத்தில் அளந்து பிரித்த மனைத்தொகுதி, அப்புறம் கடையும் குடியுமாக உள்ள ஊர் என்று பொருள் வளர்ந்தது. இந்த வரப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நடுவில் இருக்கும் ‘கா’தான் உயிர். இடத்தால் கீழே இருப்பது ஒரு பொருள். ஒருவர் ஆட்சிக்குக் கீழே இருப்பது இன்னொன்று. உலகம் முழுவதையும் ‘தென்கா’, அதாவது வானத்தின் கீழ், என்று சொல்லும்போதும் இதே எழுத்துதான். ஆகவே ஜோகாமாச்சி என்றால் கோட்டைக்கு அருகில் உள்ள ஊர் என்பதோடு நிற்காது. கோட்டைத் தலைவனின் கைக்குக் கீழ் வாழ்கிற ஊர்.

இச்சிஜோதானியில் இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 1467இல் தொடங்கிய ஓனின் போர் கியோட்டோவைச் சீரழித்துக்கொண்டிருந்த நேரம். 1471இல் இந்தப் பகுதியின் போர்த்தலைவர் அசகுரா தகாகாகே இந்தப் பள்ளத்தாக்கைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவர் பெயரில் வழங்கும் குடும்பச் சட்டத்தில் ஒரு விதி: அசகுராவின் இருப்பிடத்தைத் தவிர அவர் ஆளும் பகுதியில் வேறு கோட்டை கூடாது, பெரிய நிலம் உடைய வீரர்கள் எல்லோரும் இச்சிஜோதானிக்கு வந்து குடியேற வேண்டும், அவரவர் கிராமத்தில் கணக்குப் பார்க்க ஓர் ஆளை மட்டும் விட்டுவிட வேண்டும். ‘கா’ என்ற எழுத்தைச் சட்டமாகவே எழுதிவிட்டார் மனுஷன். தலைநகரத்திலிருந்து தப்பி வந்த பிரபுக்களும் துறவிகளும் கூடச் சேர, ஐந்து தலைமுறையில் 10,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊராக அது வளர்ந்தது என்று கணிக்கிறார்கள்.

பள்ளத்தாக்கு குறுகும் இரண்டு இடங்களிலும் மண்கரை எழுப்பி வாசல் வைத்திருந்தார்கள்: கீழ்வாசல் ஷிமோகிதோ, மேல்வாசல் காமிகிதோ. இடையே சுமார் 1.7 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மலையே மதில். கீழ்வாசலில் ஆளை மிஞ்சும் பாறைகள் இன்றும் அடுக்கியபடி நிற்கின்றன. உள்ளே தலைவனின் மாளிகை, வீரர் வீடுகள், சாயக்காரர், செபமாலை செய்பவர், வைத்தியர் வீடுகள். வைத்தியர் வீடு என்று எப்படித் தெரிந்தது? சீன மருத்துவ நூல் ஒன்றின் கருகிய துண்டுகள் அங்கே கிடைத்தன. ஷோகி என்னும் சதுரங்கக் காய்களும் கிடைத்தன. அவற்றில் ஒன்று இன்றைய ஆட்டத்தில் இல்லாத காய். ‘போதையேறிய யானை’ என்று பெயர். நாமாக இருந்தால் மதயானை என்றிருப்போம். சுமார் 200 மீட்டர் தெருவைப் பழைய அடித்தளத்தின் மேலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் புதுத் தெருவைவிட, கூரையில்லாமல் கிடக்கும் கல்வரிசைகளே சொல்லைச் சரியாக விளக்குகின்றன. நின்று தலை தூக்கினால் 473 மீட்டர் மலை மேலே. போர்க்காலக் கோட்டை அங்கே இருந்தது. அன்றாட வாழ்க்கை நடந்தது காலடியில்.

1573இல் எதிரித் தலைவர் ஓடா நொபுநாகாவின் படை ஊரைக் கொளுத்தியது. மூன்று நாள் எரிந்தது என்பார்கள். கடைசித் தலைவர் யோஷிகாகே உறவினரே காட்டிக்கொடுத்ததால் உயிரை மாய்த்துக்கொண்டார். நொபுநாகாவின் முத்திரையில் இருந்ததும் ‘வானத்தின் கீழ் படைபலம் பரப்புவோம்’ என்ற வாசகம். அதிலும் அதே ‘கா’. 1575இல் அசகுராக்கள் ஆண்ட பகுதி நொபுநாகாவின் தளபதி ஷிபாத்தா கத்ஸுயியேவுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் சமவெளியில், இன்றைய ஃபுகுயி இருக்கும் இடத்தில், புதுக் கோட்டை கட்டினார். தலைமை நகர்ந்ததும் ஊரும் அங்கே போய்விட்டது. பள்ளத்தாக்கில் மாச்சி திரும்ப வயலானது, வரப்போடு. அந்த வயல்தான் அடியிலிருந்த ஊரை ஏறக்குறைய 400 ஆண்டு காத்தது. 1967இல் அகழாய்வு தொடங்கியது, 1971இல் 278 ஹெக்டேர் சிறப்பு வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

அசகுராக்களின் காலத்தில் இந்த மாதிரி ஊர்களை நெகோயா, யாமாஷிதா என்றெல்லாம் அழைத்தார்கள். முதலாவது ‘வேரில் உள்ள குடில்’, இரண்டாவது ‘மலையின் கீழ்’. ஜோகாமாச்சி என்ற சொல் பரவலானது ‘எடோ’ எனப்படும் ஆட்சிக்காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டிலிருந்து.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கோட்டை நகரம்’ என்றால் மதிலுக்குள் அடைபட்ட ஊர் என்றே படும். சீனப் பொருளுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். ‘பேட்டை’ நெருங்கி வருகிறது. கோட்டைக்கு வெளியே வணிகரும் கைவினைஞரும் குடியிருந்த பகுதிக்குத் தென்னிந்தியாவில் வழங்கும் சொல் அது. பெங்களூரில் கோட்டே, பேட்டே என்ற இரட்டையாகவே நின்றது. ஆனால் பேட்டை என்றதும் சந்தைதான் நினைவுக்கு வரும். இச்சிஜோதானியிலோ வீரர் குடியிருப்பும் நிறைய. ‘பாளையம்’ என்றால் படை மட்டும். ‘படைவீடு’ நல்ல சொல், ஆனால் அதை முருகன் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

நான் ‘கோட்டையடியூர்’ என்று எழுதுகிறேன். மலையடி, ஆலடி, தேரடி என்று நம் பேச்சில் ‘அடி’ ஏற்கெனவே இந்த வேலையைத்தான் செய்கிறது. ‘அடியில் வாழ்வது’ என்றால் பணிந்து வாழ்வது என்ற நிழலும் அதில் உண்டு. ‘கா’வின் இரண்டு பொருளும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. சமவெளியில் கட்டிய கோட்டைகளுக்கு, மத்ஸுமோத்தோ, ஹிரோஷிமா போன்ற ஊர்களுக்கு, ‘அடி’ எப்படிச் செல்லும் என்று கேட்கலாம். ஜப்பானியர் அவற்றையும் ஜோகாமாச்சி என்றே சொல்கிறார்கள். தேரடியில் நிற்பவர் யாரும் தேருக்குக் கீழே நிற்பதில்லையே.