சவுத் எப்படி ‘சதர்ன்’ ஆனது?

சவுத் இந்தியா என்கிறோம். அதே வாயால் சதர்ன் ரயில்வே என்றும் சொல்கிறோம். யாரும் ‘சவுதர்ன்’ என்பதில்லை. நடுவில் ‘சவு’ எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. அந்தச் சொல்லுக்குள் அது வரவே இல்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் தெற்குக்குப் பெயர் ‘சூத்’. ‘தெற்கத்திய’ என்பதற்கு ‘சூதெர்னெ’, மூன்று அசை. இப்படிச் சொல் நீண்டால் முதல் அசையின் நெடில் குறுகிவிடும். அது ‘சுதெர்ன்’ என்றானது. அப்புறம், ஏறத்தாழ 1400க்குப் பிறகு, ஆங்கிலத்தின் நெடில்கள் இடம் பெயர்ந்தன. ஹூஸ் ஹவுஸ் ஆனது, மூஸ் மவுஸ் ஆனது, சூத்தும் சவுத் ஆனது. சுதெர்னில் நெடிலே இல்லையே, தப்பித்துக்கொண்டது. அதிலிருந்த குறில் உகரம் பிற்பாடு அகரத்தை ஒட்டி வந்து ‘சதர்ன்’ ஆயிற்று. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ், சஃபோக், சட்டன் எல்லாவற்றிலும் ஒளிந்திருப்பது இதே தெற்குதான். அங்கே அடுத்தடுத்து வந்த மெய்கள் நெருக்கி நெடிலைக் குறுக்கின.

இன்னொரு மாற்றமும் உண்டு. தொண்டையில் விரலை வைத்து ‘நார்த்’ என்று சொல்லுங்கள். முடிவில் வெறும் காற்றுதான். ‘நார்தர்ன்’ என்றால் நடுவிலுள்ள த அதிரும். பழைய ஆங்கிலத்தில் இருபுறமும் குரலொலி இருந்தால் இடையில் மாட்டிய இந்த மெய்யும் அதிரும். நமக்கு இது புதிதா என்ன? ‘தலை’யின் த வேறு, ‘அது’வின் த வேறு. நார்தர்னில் வருவது கிட்டத்தட்ட அந்த ‘அது’ த.

இரண்டு திசை சேர்ந்தால் அழுத்தம் வழக்கமாகப் பின்னதில் விழும்: நார்த்ஈஸ்ட் என்பதில் ஈஸ்ட்தான் ஓங்கும். ஆனால் ‘நார்த்ஈஸ்ட் விண்ட்’ என்றால் அழுத்தம் நார்த்துக்குத் தாவிவிடும். ஈஸ்டும் விண்டும் அடுத்தடுத்து ஓங்கினால் தாளம் இடிக்கும் அல்லவா! எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்லிப் பழகிய நம் காதுக்கு இது சட்டென்று பிடிபடாது.

வடக்கும் கிழக்கும் சேரும்போது நாம் ‘க்கு’வை வெட்டி வடகிழக்கு என்கிறோம். ஆங்கிலேய மாலுமிகள் வெட்டியது முதல் சொல்லின் கடைசி மெய்யை: நார்வெஸ்ட், சவ்வெஸ்ட். தென்மேற்குக் காற்றுக்குச் ‘சவ்வெஸ்டர்’ என்று பெயர். மழைநீர் கழுத்துக்குள் இறங்காதபடி பின்விளிம்பு நீண்ட மீனவர் தொப்பிக்கும் அதே பெயர்தான்.