42-ஆம் நாள், மாலை 4 மணி

"மேனேஜர் சொன்னதைத்தான் நீதிபதி நம்பினார், அப்பீல் போடணும்." பிரிட்டனில் இனப் பாகுபாட்டு வழக்கில் தோற்றுவிட்டு வருபவர்கள் என்னிடம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். வலி புரிகிறது. ஆனால் யார் சொல்வதை நம்புவது என்பது வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தின் வேலை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைக் கிளறாது. சட்டத்தைப் பயன்படுத்தியதில் தவறு உண்டா என்று மட்டுமே பார்க்கும்.

சரி, தவறை எங்கே தேடுவது? சமத்துவச் சட்டம் 2010-இன் 136-ஆம் பிரிவைத் தீர்ப்பு எப்படிக் கையாண்டது என்பதைத்தான் நான் முதலில் புரட்டுவேன். 'ஆமாம், இனம் பார்த்துத்தான் ஒதுக்கினேன்' என்று எந்த மேலதிகாரியும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அதனால் சட்டம் இரண்டு படி வைத்திருக்கிறது. பாகுபாடு என்று முடிவுக்கு வர இடம் தரும் உண்மைகளை ஊழியர் முதலில் காட்ட வேண்டும். இந்தச் சுமை ஊழியருடையதுதான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் 2021-இல் உறுதிசெய்தது. 'அவர் வேறு இனம், அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது' என்பது மட்டும் போதாது, கூடுதலாக ஏதாவது வேண்டும். அதைக் காட்டிவிட்டால், இனம் துளியும் காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்.

தீர்ப்புகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு வருடத்தில் நடந்த பத்துச் சம்பவங்களைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லித் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறைகூடப் பார்க்காமல் விட்டால், அது வாதிடத்தக்க சட்டத் தவறு. மேனேஜரின் விளக்கம் நிறுவனத்துக்குள் நடந்த குறைதீர்ப்பு விசாரணையில் ஒன்று, சாட்சிக் கூண்டில் வேறொன்று என்றிருந்து, அந்த முரணைத் தீர்ப்பு தொடவே இல்லை என்றாலும் அப்படித்தான்.

இனி நாள் கணக்கு. அப்பீல் போட, தீர்ப்புக்கான எழுத்துபூர்வமான காரணங்கள் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 42 நாள். உங்கள் கைக்கு வந்த தேதி கணக்கில் வராது. கடைசி நாள் மாலை 4 மணியோடு கதவு மூடும். நீதிபதி காரணங்களை வாயால் மட்டும் சொல்லியிருந்தால், அங்கேயே, அல்லது தீர்ப்பு அனுப்பப்பட்ட 14 நாளுக்குள், எழுத்தில் கேட்டுவிடுங்கள். தீர்ப்பு சொன்ன தீர்ப்பாயத்திடமே மறுபரிசீலனை மனு போட்டுவிட்டோமே என்று காத்திருப்பவர்களும் உண்டு. அந்த மனு இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது.

அப்புறம் இன்னொன்று. அப்பீலில் ஜெயித்தாலும் பல நேரம் இழப்பீடு உடனே வராது; வழக்கு மறுபடி கீழ்த் தீர்ப்பாயத்துக்கே போகும். அதே மேனேஜர் எதிரே உட்கார்ந்திருப்பார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். முதல் வாரத்திலேயே பேசுங்கள்.