அச்சுக்குள் சூடேறும் கம்பிவலை: ஒரு செய்முறைக்குக் காப்புரிமை எங்கே தொடங்குகிறது?

இதயத்தின் மேலறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரில் பிறவியிலேயே துளை உள்ளவர்களுக்கு, மார்பைத் திறக்காமலேயே அத்துளையை அடைக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2001 டிசம்பரில் அனுமதி வழங்கிய ‘ஆம்ப்ளாட்சர்’ அடைப்பான் இவ்வகையில் பெயர்பெற்றது. மிக மெல்லிய உலோக இழைகளைக் குழாய்போலப் பின்னி, அந்தப் பின்னலை நடுவில் ஒடுங்கி இருபுறமும் அகன்ற உடுக்கை வடிவத்துக்குக் கொண்டுவந்து இதைச் செய்கிறார்கள். தொடையின் சிரைவழியாக, சில மில்லிமீட்டர் அகலமுள்ள கதீட்டர் குழாய்க்குள் நீண்டு ஒடுங்கிச் செல்லும் இந்த வலை, துளையை அடைந்து வெளியே தள்ளப்பட்டதும் தானாகவே உடுக்கையாக விரிந்து, சுவரை இருபுறமும் பற்றிக்கொள்கிறது. அந்த வடிவத்தை வலைக்குக் கற்றுக்கொடுப்பது ஓர் அச்சும் ஓர் உலையும்தான். அப்படியானால் ‘வலையை அச்சில் வைத்துச் சூடாக்குதல்’ என்னும் செய்முறைக்கு யாரேனும் காப்புரிமை பெற முடியுமா? இக்கேள்விக்கு விடை சொல்ல, முதலில் உலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இழைகள் நிட்டினோல் என்னும் நிக்கல்–டைட்டானியம் கலவையால் ஆனவை. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் ஆராய்ந்துவந்த இக்கலவையின் விந்தை, 1961இல் நடந்த ஒரு கூட்டத்தில் தற்செயலாக வெளிப்பட்டது. மடிப்பு மடிப்பாக வளைக்கப்பட்டிருந்த ஒரு தகட்டைப் பார்வைக்குச் சுற்றுக்கு விட்டபோது, ஒருவர் தம் புகைக்குழாய்க்கு வைத்திருந்த தீமூட்டியால் அதைச் சூடாக்க, மடிப்புகள் தாமாகவே நிமிர்ந்தன. தாழ்ந்த வெப்பநிலையில் மார்ட்டன்சைட் என்னும் சரிவான படிக அமைப்பிலும், உயர்ந்த வெப்பநிலையில் ஆஸ்டினைட் என்னும் கனசதுர அமைப்பிலும் அணுக்கள் அடுக்கப்பட்டிருப்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அணுக்கள் தம் அண்டை அணுக்களை விட்டு விலகாமல் கூட்டமாக நகர்வதுமே இதற்குக் காரணம். மாறும் வெப்பநிலை உடல் வெப்பத்துக்குக் கீழே இருக்கும்படி கலவையைத் தயாரித்தால், சூடாக்கத் தேவையின்றியே, ஏறத்தாழ 8 விழுக்காடு வரை இழுத்து வளைத்தாலும் விட்டவுடன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் மீமீள்தன்மை கிடைக்கிறது.

அந்தப் ‘பழைய வடிவம்’ எது என்பதைத் தீர்மானிப்பது உலை. பின்னிய வலையை உலோக அச்சில் அழுத்திப் பொருத்தி, ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் வைத்தால், இழுத்துக் கம்பியாக்கியபோது உலோகத்தினுள் தேங்கிய திரிபுகள் தளர்ந்து மறுசீரமைகின்றன. குளிர்ந்தபின் வலை அச்சின் வடிவத்தையே தன்னுடைய இயல்பான வடிவமாகக் கொள்கிறது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கதிரியக்க மருத்துவர் கர்ட் ஆம்ப்ளாட்ஸும் அவருடன் உழைத்தவர்களும் 1990களில் தாக்கல் செய்த காப்புரிமை ஆவணங்கள், 500 முதல் 550 டிகிரியில் 1 முதல் 30 நிமிடம் வரை என்று இதைக் குறிக்கின்றன. வெப்பம் குறைந்தால் நேரம் கூட வேண்டும்; 350 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆகலாம். வெப்பம் மிகுந்தால் 900 டிகிரியில் அரை நிமிடமே போதும்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் பல நுணுக்கங்கள் ஒளிந்துள்ளன. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழை நொடிகளில் சூடேறும். அதைச் சுற்றியுள்ள உலோக அச்சோ நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆகவே அச்சை ஒட்டியிருக்கும் இழைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளும் ஒரே உலையில் வெவ்வேறு வெப்ப வரலாற்றைப் பெறுகின்றன. வெப்பக் காற்று ஊடுருவும் மணற்படுகையிலோ உருகிய உப்புத் தொட்டியிலோ அச்சை அமிழ்த்துவது இவ்வேறுபாட்டைக் குறைப்பதற்காகவே. இன்னொரு நுணுக்கம், நிக்கல் சற்று மிகுந்த கலவையை இந்த வெப்பநிலைகளில் வைக்கும்போது, நிக்கல் செறிந்த நுண்துகள்கள் வீழ்படிவாகப் பிரிந்து, எஞ்சிய உலோகத்தில் நிக்கலைக் குறைத்துவிடுவது. நிக்கலின் அளவு 0.1 விழுக்காடு மாறினாலே வடிவம் மாறும் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி நகரக்கூடும் என்பதால், உலையில் கூடுதலாக இருந்த சில நிமிடங்கள், உடலுக்குள் விறைப்பாக விரிய வேண்டிய கருவியைத் தொய்வாக்கிவிடலாம்.

வலையின் வடிவியலும் அடங்கிப் போவதில்லை. பின்னல் குழாயின் விட்டத்தைக் கூட்டினால் நீளம் குறையும். உடுக்கையின் அகன்ற பகுதியில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, வெட்டும் கோணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நீளமான பின்னலிலிருந்து தேவையான துண்டை வெட்டியெடுத்தாலோ, சுருள்வில் போன்ற இழைகள் உடனே பிரிந்து சிலும்பிவிடும். எனவே வெட்டுவதற்கு முன்பே இரு முனைகளையும் சிறு உலோகக் கவ்விகளால் இறுக்கிவிடுவது ஆம்ப்ளாட்ஸ் குழுவின் வழக்கம். இந்தக் கவ்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். செய்முறை என்பது காப்புரிமைக்குரிய பொருளா என்ற கேள்வி அமெரிக்காவில் எப்போதோ தீர்ந்துவிட்டது. குறிப்பிட்ட பொருட்களைக் குறிப்பிட்ட விளைவுக்காக மாற்றியமைக்கும் நடைமுறையே செய்முறை என்று, மாவு சலிப்பது பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1877இலேயே விளக்கியது. நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது 1981இல் முடிந்த டயமண்ட் எதிர் டையர் வழக்கு. அச்சுக்குள் ரப்பரைப் பதப்படுத்தும்போது உள்வெப்பத்தை இடைவிடாமல் அளந்து, வெப்பத்துக்கேற்ப வேதிவினையின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் அரீனியஸ் சமன்பாட்டின்படி நேரத்தைக் கணினி கணக்கிட்டு அச்சைத் திறப்பதே அங்கே கோரப்பட்ட செய்முறை. சமன்பாடு யாருக்கும் சொந்தமல்ல, ஆனால் அதைப் பயன்படுத்தி ரப்பரைப் பதப்படுத்தும் முழுச் செய்முறை காப்புரிமைக்குத் தகுதியுடையதே என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. உலை, அச்சு, வெப்பம், நேரம் எல்லாம் நம் வலைக்கும் உள்ளவை என்பதால் இந்த முதல் வாசலை அது தடையின்றிக் கடந்துவிடும்.

அடுத்த இரண்டு வாசல்களே குறுகலானவை. ஒன்று புதுமை, மற்றொன்று, அத்துறையில் பயிற்சி பெற்றவருக்கு எளிதில் தோன்றாத ஒரு படியேனும் அதில் இருத்தல். நிட்டினோல் கம்பியை ஏதேனும் ஒரு தாங்கியில் கட்டி வைத்துச் சூடாக்கினால் வடிவம் நிலைக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. ஆகவே ‘வலையை அச்சில் வைத்து 500 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குதல்’ என்று மட்டும் இன்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அது முதல் பரிசோதனையிலேயே நின்றுவிடும். ‘யாரும் 520 டிகிரியில் செய்ததில்லை’ என்று வாதிட்டாலும் பெரும்பாலும் பலனிருக்காது. 1955இல் தீர்ந்த ஆலர் வழக்கில், பினால் என்னும் வேதிப்பொருளின் தயாரிப்பு ஒன்றில் முன்னோர் 100 டிகிரியில் 10 விழுக்காட்டு அமிலத்துடன் செய்ததை, விண்ணப்பதாரர் 40 முதல் 80 டிகிரியில் 25 முதல் 70 விழுக்காட்டு அமிலத்துடன் செய்திருந்தார். பொது நிலைமைகள் ஏற்கெனவே வெளியாகியிருக்கும்போது, வழக்கமான சோதனைகளால் சிறந்த அளவைக் கண்டறிவது கண்டுபிடிப்பாகாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. முடிவு எதிர்பாராத வகையில் மாறினால்தான், அதாவது அளவில் மட்டுமன்றித் தன்மையிலேயே வேறுபட்டால்தான், எண்கள் காப்பாற்றும்.

அறிவியலாளர்களுக்கு இதைவிடக் கசப்பான பாடம் 1985இன் டைட்டானியம் மெட்டல்ஸ் வழக்கில் இருக்கிறது. டைட்டானியத்தில் சிறிதளவு நிக்கலும் மாலிப்டினமும் சேர்த்த கலவை, அரிப்பை நன்றாகத் தாங்குவதை ஒரு குழு கண்டறிந்தது. ஆனால் பழைய ரஷ்யக் கட்டுரை ஒன்றின் வரைபடத்தில் இருந்த ஒரு புள்ளி, அதே விகிதத்திலான கலவையைக் குறித்தது. அரிப்பைப் பற்றி அக்கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் கலவை புதிதல்ல என்று உரிமை மறுக்கப்பட்டது. பழைய பொருளில் புதிய குணத்தை அறிவது பெரிய அறிவியலாக இருக்கலாம், ஆனால் அப்பொருளின்மேல் உரிமையை அது தருவதில்லை. இதில் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏற்கெனவே பொதுவில் உள்ள ஒன்றைத் திரும்பப் பிடுங்க யாரையும் அனுமதிக்க முடியாது.

இந்தியச் சட்டமும் இதே திசையில்தான் செல்கிறது, சற்று இறுக்கமாகவே. தெரிந்த செய்முறையின் வெறும் பயன்பாடு, புதிய பொருளைத் தந்தால் அல்லது புதிய வினைபடுபொருள் ஒன்றையேனும் பயன்படுத்தினால் அன்றி, கண்டுபிடிப்பாகாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவு சொல்கிறது. பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து மெருகேற்றும் முறை ஒன்றுக்குப் பெற்ற காப்புரிமையை, அது பட்டறையில் செய்யும் சாதாரணத் திருத்தமே என்று கூறி உச்ச நீதிமன்றம் 1978இல் செல்லாததாக்கியதும் இங்கே எண்ணத் தக்கது.

அப்படியானால் வலைக்காரருக்கு மிஞ்சுவது என்ன? மேலே சொன்ன நுணுக்கங்கள்தாம். அச்சின் ஒரு பகுதியை வெப்பம் தாமதமாகச் சேரும்படி வடிவமைத்து, ஒரே வலையின் இடுப்பை மென்மையாகவும் விளிம்பை விறைப்பாகவும் ஆக்கும் வழியை ஒருவர் கண்டுபிடித்து, அது துறையினர் எதிர்பார்த்ததற்கு மாறானது என்று அளவீடுகளுடன் காட்டினால், அங்கே பேச இடமுண்டு. இழைகள் வழுக்கும்போது சிக்காமல் இருக்க அச்சில் செய்த மாற்றமும் அவ்வாறே.

கிடைத்த உரிமையைக் காப்பதும் எளிதன்று. பொருளுக்கான உரிமை மீறப்பட்டால் கடையில் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தாலே போதும். செய்முறையோ போட்டியாளரின் பூட்டிய கதவுக்குள் நடக்கிறது. வலையின் மேற்பரப்பில் படிந்த ஆக்சைடின் பொன்னிறமும் நீலமும், அளந்தறியக்கூடிய வடிவமாற்ற வெப்பநிலையும் உலையைப் பற்றி ஓரளவு சாட்சி சொல்லும், ஆனால் முழுக்கதையையும் சொல்லா. இதனால்தான் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையான டிரிப்ஸின் 34ஆம் பிரிவு, சில சூழல்களில், வேறு வழியில் செய்ததாக நிரூபிக்கும் பொறுப்பைப் பிரதிவாதியின்மேல் போடுகிறது. இதனால்தான் பல நிறுவனங்கள் செய்முறையை இரகசியமாக வைத்துக்கொண்டு, பொருளுக்கு மட்டும் உரிமை கோருகின்றன.

ஆம்ப்ளாட்ஸ் தொடங்கிய ஏஜிஏ மெடிக்கல் நிறுவனத்தின் ஐரோப்பியக் காப்புரிமையும் பொருளையே கோரியது: பின்னிய உலோக இழைகள், உடுக்கை போன்ற விரிந்த வடிவம், எதிரெதிர் முனைகளில் இழைகளை இறுக்கும் கவ்விகள். ஆக்லுடெக் என்ற போட்டி நிறுவனம் செய்த அடைப்பானும் அதேபோல உடுக்கையாக விரிந்தது. ஆனால் அதன் ஒரு முனையில் தனி இழைமுனைகளே வெளிவராதபடி பின்னப்பட்டிருந்தது, மறுமுனையில் இழைகள் பற்றவைத்து இணைக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் 2009இலும் மேல்முறையீட்டில் 2010இலும் இது மீறலல்ல என்று தீர்ப்பானது. ஜெர்மனியின் கீழ்நீதிமன்றங்கள் மீறல் என்று சொல்லியிருந்தபோதும், 2011 மே மாதம் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரே விளைவை அடையப் பல வழிகளைக் காப்புரிமை ஆவணத்தின் விளக்கவுரையில் சொல்லிவிட்டு, உரிமையின் எல்லையை வரையறுக்கும் உரிமைக்கோரலில் அவற்றில் ஒன்றை மட்டும் எழுதினால், மற்ற வழிகளைப் பயன்படுத்துபவரைப் பொதுவாகத் தடுக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கவ்விக்குப் பதிலாக இழைமுனைகளைப் பற்றவைக்கலாம் என்ற குறிப்பு, ஏஜிஏ தானே எழுதிய விளக்கவுரைக்குள்தான் இருந்தது.