தோலை வளர்க்கிறோம், கல்லீரலை ஏன் வளர்க்க முடியவில்லை?

இருபது காசு நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய தோல்துண்டு போதும், ஏறத்தாழ 3 சதுர சென்டிமீட்டர். மூன்று நான்கு வாரத்தில் ஒரு முழு ஆளைப் போர்த்தும் அளவுக்கு மேல்தோலை ஆய்வகத்தில் வளர்த்துவிடலாம். அதற்கான வழியை அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் 1975லேயே கண்டு சொல்லிவிட்டார்கள். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. கல்லீரல் கெட்டுப்போனவர் மட்டும் இன்றும் இன்னொருவர் தரும் கல்லீரலுக்குத்தான் காத்திருக்கிறார்.

கல்லீரல் உயிரணுக்கள் ஆய்வகத்தில் எளிதில் பெருகுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது முதல் வாசற்படி மட்டுமே. அதைத் தாண்டியவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும் சுவர் வேறு: உயிரணுவுக்குச் சாப்பாடு போய்ச் சேரும் தூரம்.

பத்தில் எட்டு வீடுகளுக்குப் பத்து நிமிட நடையில் ஒரு ரயில் நிலையம் இருக்கவேண்டும் என்பது 2030களுக்கான சிங்கப்பூரின் இலக்கு. நம் உடல் இதைவிடக் கறாரானது. பெரும்பாலான திசுக்களில் எந்த உயிரணுவும் நுண்ரத்தக் குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரானுக்கு அப்பால் குடியிருப்பதில்லை. இரண்டு மூன்று தலைமுடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் தடிமன் அது. ஆக்சிஜன் ஊறிப் பரவக்கூடிய தூரம் அவ்வளவுதான். உயிரணுக்களைக் குழாயில்லாமல் உருண்டையாகத் திரட்டி வளர்த்தால், உருண்டை அரை மில்லிமீட்டரைத் தாண்டும்போது வெளிப்பக்கம் செழிப்பாக இருக்க, நடுப்பகுதி செத்துக்கொண்டிருக்கும்.

மேல்தோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குள் ரத்தக் குழாயே கிடையாது. கீழேயுள்ள உள்தோலிலிருந்து ஊறிவருவதை உண்டே அது பிழைக்கிறது. மெல்லியதாக இருப்பதுதான் அதன் அதிர்ஷ்டம்.

அதை வளர்க்கும் விதத்தைப் பார்ப்போம். தோல்துண்டு குளிர்பெட்டியில், நுண்ணுயிர்க்கொல்லி கலந்த ஊட்டநீரில் மிதந்தபடி ஆய்வகத்துக்கு வருகிறது. அதை டிஸ்பேஸ் என்னும் நொதியில் 4 டிகிரி குளிரில் ஓர் இரவு ஊறவைக்கிறார்கள். மறுநாள் காலை இடுக்கியால் இழுத்தால், ஊறிய பூண்டின் தோல்போல மேல்தோல் தனியே கழன்று வரும். அதை டிரிப்சின் நொதியில் 37 டிகிரியில் சில நிமிடங்கள் விட்டால் உயிரணுக்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். நேரம் கூடினால் டிரிப்சின் உயிரணுவின் மேற்பரப்பையே அரித்துவிடும் என்பதால், சீரம் சேர்த்து அதை உடனே அடக்கவேண்டும்.

அடுத்தது செவிலிப் படுகை. மனிதத் தோல் உயிரணுவை வெறும் பிளாஸ்டிக் தட்டில் விட்டால் அது மந்தமாகிவிடும். கிரீன் செய்த புத்திசாலித்தனம், 3டி3 எனப்படும் எலி உயிரணுக்களைக் கதிரியக்கத்தால் மலடாக்கி அடியில் பரப்பியது. அவை பெருகாது, ஆனால் உயிரோடு இருந்து ஊட்டப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும். தோல் உயிரணுக்கள் அவற்றின் நடுவே சிறு தீவுகளாக முளைத்து, வளர வளர செவிலிகளை ஓரம் தள்ளிவிடும். இந்த எலித் தொடர்பு காரணமாக, அமெரிக்காவில் இம்முறையில் தயாராகும் தோல், வேற்று விலங்குத் திசு தொடர்பான சிகிச்சை என்றே வகைப்படுத்தப்படுகிறது.

வளர்ப்பறையில் 37 டிகிரி வெப்பம், 5 விழுக்காடு கரியமில வாயு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புது ஊட்டநீர். தட்டு 70, 80 விழுக்காடு நிரம்பியதும் பிரித்து அடுத்த தட்டுகளுக்கு மாற்றவேண்டும். வார இறுதி என்று ஒருநாள் தள்ளிப்போட்டால் தீவுகள் ஒன்றையொன்று நெருக்கி, உயிரணுக்கள் முற்றத் தொடங்கும். முற்றிய தோல் உயிரணு மறுபடி பெருகாது. முகப்பரு முற்றினால் பழுக்கும், இது முற்றினால் உதிரத்தான் செய்யும்.

கடைசியில் தட்டிலிருந்து எடுக்கும்போது மீண்டும் டிஸ்பேஸ். இங்கே டிரிப்சினை ஊற்றினால் வேலை கெட்டது. டிரிப்சின் உயிரணுக்களைக் கோத்திருக்கும் பிணைப்புகளையும் அறுத்து எல்லாவற்றையும் கஞ்சியாக்கிவிடும். டிஸ்பேஸ் தட்டோடு உள்ள பிடிப்பை மட்டும் விடுவித்து, தாள்போல் வளர்ந்த மேல்தோலை முழுசாகத் தரும். விடுபட்ட நொடியில் தாள் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டுக் கூடுதலாக வளர்த்திருக்க வேண்டும். உணவங்காடியில் இடம்பிடிக்க மேசையில் போட்டுவைக்கும் டிஷ்யூ தாள் நனைந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்த உறுதிதான் இதற்கும். சில அடுக்கு உயிரணுக்களே தடிமன். வாசலின் தடவிய வலைத்துணியில் ஒட்டி, எந்தப் பக்கம் கீழ்ப்பக்கம் என்று குறித்து, ஒருநாளுக்குள் அறுவை அறைக்குக் கொண்டுபோக வேண்டும். தலைகீழாக வைத்தால் ஒட்டாது.

சரியாக வைத்தாலும் எல்லாம் ஒட்டிவிடுவதில்லை. வெந்த புண்ணில் கிருமி குடியேறியிருந்தால் தாள் இரண்டே நாளில் கரைந்துபோகும். கிருமி இல்லாவிட்டாலும், மேல்தோலை உள்தோலோடு தைத்துப் பிடிக்கும் ஏழாம் வகைக் கொலாஜன் என்னும் புரத நார்கள் முதிர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சட்டை உரசினாலே கொப்புளம் எழும். உள்தோல் இல்லாத இடத்தில் மேல்தோலை மட்டும் ஒட்டுவது, சிமெண்டு பூசாத சுவரில் சாயம் அடிப்பதற்குச் சமம். அதனால் தோல் வங்கியில் பாதுகாத்த, இறந்தவர் தந்த தோலை முதலில் புண்ணில் ஒட்டி, பிறகு அதன் மேல்தோலை மட்டும் சீவி எடுத்துவிட்டு, எஞ்சிய உள்தோல்மேல் வளர்த்த தாளை வைக்கும் முறை 1980களில் வந்தது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் தோல் வங்கி இருப்பது இப்படிப்பட்ட தேவைக்கும்தான்.

தானத் தோல் கிடைக்காதபோது செயற்கை உள்தோல் உண்டு. பரவலாகப் பயன்படும் ஒன்றில் மாட்டுக் கொலாஜனும் சுறா மீனின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளும் சேர்ந்த பஞ்சு இருக்கும். மேலே சிலிகோன் படலம். மாடா, பன்றியா என்ற கேள்வி நம் ஊரில் பல வீடுகளில் எழும். அதை அறுவைக்கு முதல்நாள் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, ஒப்புதல் படிவம் கைக்கு வரும்போதே கேட்டுவிடுவது நல்லது. இரண்டு மூன்று வாரத்தில் நோயாளியின் ரத்தக் குழாய்கள் பஞ்சுக்குள் புகுந்துவிடும். பிறகு சிலிகோனை உரித்துவிட்டு மேல்தோலை ஒட்டுவார்கள். இத்தனைக்குப் பிறகும் புதிய தோலில் முடி இராது, வியர்வைச் சுரப்பியும் இராது. உடம்பின் பெரும்பகுதி வியர்க்காத ஒருவருக்கு நம் ஊர் மதிய வெயில் வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து.

கட்டட வேலைக்குச் சாரம் கட்டுவதுபோல் திசுவுக்கும் சாரம் கட்டலாம் என்பதைத்தான் அந்தப் பஞ்சு காட்டுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான எலும்புச் சாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே உருகும். அதை நூலாக இழுத்து, இடியாப்பம் பிழிவதுபோல் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் கோணம் மாற்றிப் பிழிகிறார்கள். மூளை அறுவைக்காக மண்டையோட்டில் போட்ட துளையை அந்தச் சாரத்தால் மூடினால், இடைவெளிகளில் ரத்தம் ஊறி எலும்பு வளர, பிளாஸ்டிக் இரண்டு மூன்று ஆண்டில் கரைந்து போய்விடும். சாரம் சீக்கிரம் கரைந்தால் எலும்புக்குத் தாங்கல் இல்லை, தாமதித்தால் எலும்புக்கு இடமில்லை.

சிறுநீர்ப்பையையும் முயன்றார்கள். அமெரிக்காவில் அந்தோணி அட்டாலா குழுவினர், நோயாளிகளின் சொந்த உயிரணுக்களைச் சாரத்தில் வளர்த்து ஏழு பேருக்குப் பொருத்தியதை 2006ல் வெளியிட்டபோது உலகமே பேசியது. பை மெல்லியது, அதன்மேல் வயிற்றுக் கொழுப்புப் படலத்தைச் சுற்றி ரத்தம் கடன்வாங்கிக்கொண்டார்கள். ஆனால் 2014ல் வெளிவந்த அடுத்தகட்டச் சோதனையில் குழந்தைகளின் பை எதிர்பார்த்தபடி விரியவில்லை, பக்கவிளைவுகளும் மிகுந்தன. முதல் செய்தியைக் கேட்டவர்களில் பலர் இரண்டாவதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி கல்லீரல். உறுப்பாகச் செய்ய முடியாவிட்டால் எந்திரத்தில் வைப்போம் என்று தோன்றியதுதான் உயிர்க் கல்லீரல் கருவி. டயாலிசிஸ் வடிகட்டியில் உள்ளதுபோல் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள். குழலுக்குள் நோயாளியின் பிளாஸ்மா, அதாவது ரத்த அணுக்களைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் நீர்மம், ஓடும்; வெளியே கல்லீரல் உயிரணுக்கள் இருக்கும். குழல் ஒவ்வொன்றும் செயற்கை ரத்தக் குழாய். 200 மைக்ரான் சிக்கலுக்கு நேர்த்தியான பதில் போலத் தெரிகிறதல்லவா?

கணக்குப் போட்டால்தான் இடிக்கும். ஒரு லிட்டர் ரத்தம் சுமார் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். சிவப்பணு இல்லாத ஒரு லிட்டர் நீர்மத்தில் காற்றோடு சமநிலையில் கரைவது 37 டிகிரியில் 5 மில்லிலிட்டர்தான். நாற்பதில் ஒரு பங்கு! ஈடுகட்ட வேகமாக ஓட்டலாம் என்றால், உயிரணுக்கள்மேல் நேரே பாயும் கருவிகளில் உராய்வு அவற்றைப் பிய்த்தெறியும். ஆக்சிஜனை மிகையாக ஏற்றினால் அதுவே நஞ்சு. கல்லீரல் உயிரணுவோ உடம்பிலேயே பெருந்தீனிக்காரர்களில் ஒன்று. தட்டையான தட்டில் அதை வைத்தால் சில நாளிலேயே தன் தொழிலை மறந்துவிடும் என்பது தனி வருத்தம்; கொலாஜன் படலம் இரண்டுக்கு நடுவே வைத்தால்தான் கொஞ்ச காலம் நினைவில் வைத்திருக்கும்.

பன்றிக் கல்லீரல் உயிரணுக்கள் சுமார் 700 கோடி வைத்த கருவியை 171 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2004ல் வந்தது. மொத்தத்தில் உயிர்பிழைத்தோர் எண்ணிக்கை போதுமான அளவு கூடவில்லை. மனிதக் கல்லீரல் கட்டியிலிருந்து வந்த உயிரணுக்களை வைத்த இன்னொரு கருவியும் பெரிய சோதனைகளில் தோற்றது.

சிறுநீரகத்தில் நிலைமை சற்று வேறு. சிறுநீரகங்கள் நாளுக்கு ஏறத்தாழ 180 லிட்டரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மீதியை நுண்குழல் உயிரணுக்கள் வழியே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. புளோக்குகளின் கீழ்த்தள டயாலிசிஸ் நிலையங்களில் வாரம் மூன்று முறை, நாலு மணி நேரம் நடப்பது முதல் பாதி வேலைதான். இரண்டாம் பாதியைச் செய்ய உயிருள்ள நுண்குழல் உயிரணுக்களைச் செயற்கைச் சவ்வின்மேல் ஒற்றை அடுக்காகப் படியவைக்கவேண்டும். அவையோ ஒட்டாமல் உரிந்து வரும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். சவ்வின்மேல் என்ன பூசினால் அவை ஒழுங்காகப் படியும் என்பதைப் சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்து ஆய்வாளர்களும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

குழாய்களை நாமே செய்வானேன், இயற்கை செய்ததை எடுத்துக்கொள்வோமே என்ற யோசனையும் உண்டு. 2008ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டோரிஸ் டெய்லரும் ஹரால்ட் ஆட்டும் எலியின் இதயத்துக்குள் சோப்பு போன்ற எஸ்டிஎஸ் கரைசலைச் செலுத்தி உயிரணுக்களை முழுக்கக் கழுவினார்கள். குழாய்களின் அச்சு கெடாத, பால்வண்ணக் கூடு மிஞ்சியது. அதில் புது உயிரணுக்களைச் செலுத்த, எட்டாம் நாளில் அது இரத்தம் தள்ளும் விதத்தில் துடித்தது. வளர்ந்த எலி இதயத்தின் வலிமையில் சுமார் 2 விழுக்காடு.

கழுவுவதிலும் அளவு உண்டு. ஒரு மில்லிகிராம் உலர்திசுவில் 50 நானோகிராமுக்கு மேல் டிஎன்ஏ மிஞ்சினால் உடல் எதிர்க்கக்கூடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அளவுக்கு மீறிக் கழுவினால் கூடே நைந்துவிடும். எஸ்டிஎஸ் மிச்சம் இருந்தால் புது உயிரணுக்களைக் கொல்லும். எல்லாம் சரியாக அமைந்தாலும், குழாய்களின் உட்சுவரில் ஓர் இடுக்கு விடாமல் உயிரணுப் படலம் போர்த்தியிருக்கவேண்டும். கொலாஜன் துளி வெளியே தெரிந்தாலும் ரத்தத் தட்டணுக்கள் அதைக் காயம் என்று எண்ணி உறைந்துவிடும். உறுப்பைப் பொருத்திய சற்று நேரத்திலேயே குழாய் அடைபடுவது இதனால்தான்.

முப்பரிமாண அச்சில் வேறொரு தந்திரம். புளூரோனிக் என்ற பசை அகர் அகருக்கு நேர்மாறு: அறைச் சூட்டில் இறுகும், குளிரில் இளகும். அதை மரக்கிளைபோல் அச்சிட்டு, சுற்றிலும் உயிரணு கலந்த ஜெல்லை ஊற்றி, பிறகு குளிரவைத்து உறிஞ்சி எடுத்தால், கிளை இருந்த இடமெல்லாம் வெற்றுக் குழாய். ஆனால் நுண்ரத்தக் குழாயின் அகலம் பத்து மைக்ரானுக்கும் குறைவு. அச்சு எந்திரத்தால் பெருஞ்சாலை போட முடிகிறது, சந்து போட முடிவதில்லை. சந்துகளை உயிரணுக்களே தோண்டிக்கொள்ளும்வரை உள்ளே இருப்பவை தாக்குப்பிடிக்குமா என்பதே பந்தயம்.

உயிரணுச் சிகிச்சைப் பொருள்களுக்கென சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் 2021 மார்ச் முதல் தனி விதிமுறை வைத்திருக்கிறது. அதற்குச் சில மாதம் முன்பு, 2020 டிசம்பரில், ஆய்வகத்தில் வளர்த்த கோழி இறைச்சியை விற்க உலகிலேயே முதலில் அனுமதித்ததும் சிங்கப்பூர்தான். அதுவும் இதே தொழில்நுட்பம், இதே ஊட்டநீர், இதே வளர்கலம். அது கோழிக்காலாக வராமல், தாவரப் புரதம் கலந்த நகெட்டாகத் தட்டுக்கு வந்தது. கலத்தில் தனித்தனியாக வளரும் உயிரணுக்களைத் திரட்டி உருட்டிவிடலாம். தொடைச்சதையாக வளர்க்கவேண்டுமானால் அதற்கும் உள்ளே ரத்தக் குழாய் வேண்டும்.