சின்ன வயதில் விளையாடிய அந்த மதியங்கள் ஏன் அவ்வளவு நீளமாக இருந்தன?

9 வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது எங்கே ஒளிந்துகொண்டீர்கள் என்று கேட்டால் பலரும் உடனே சொல்லிவிடுவார்கள். எந்தக் கதவுக்குப் பின்னால், எந்தச் சுவர் மறைவில், தேடி வந்தவரின் காலடிச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது என்பதுவரை சொல்வார்கள். போன வாரம் ஒரு மணி நேரம் கைபேசியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அவர்களே திணறுவார்கள். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய நினைவு பத்திரமாக இருக்கிறது, ஏழே நாள் பழையதைக் காணோம். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம்தான். ஆனால் நினைவு எப்படிப் பதிகிறது என்று பார்த்தால் அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கிறது.

ஒரு சம்பவம் நினைவில் தங்க, முதலில் அதற்கு ஓர் இடம் வேண்டும். மூளையின் இரு பக்கமும், உள்ளடங்கினாற்போல, ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. 1953இல் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு, கட்டுக்கடங்காத வலிப்பை நிறுத்துவதற்காக, அந்தப் பகுதியின் பெரும்பங்கை இரு பக்கமும் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு 2008இல் இறக்கும்வரை, சந்தித்த மனிதர்களையும் நடந்த சம்பவங்களையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அப்புறம் 1971இல் ஜான் ஓ'கீஃப் என்ற மூளை ஆய்வாளர் எலிகளின் ஹிப்போகாம்பஸில் இன்னொன்றைக் கண்டார். எலி ஓரிடத்துக்குப் போனால் ஒரு செல் சுறுசுறுப்பாகிறது, வேறு இடத்துக்குப் போனால் வேறு செல். எங்கே இருக்கிறோம் என்று கணக்கு வைக்கும் இந்தச் செல்களைக் கண்டதற்குத்தான் 2014 நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. ஆக, வாழ்க்கைச் சம்பவங்களைப் பதிவதற்கும் இடத்தை அறிவதற்கும் மூளை ஒரே பகுதியை நம்பியிருக்கிறது.

இப்போது ஓடி விளையாடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பந்து போய் விழுந்த இடம் ஒன்று, பிடிபட்ட இடம் ஒன்று, சண்டை வந்த இடம் இன்னொன்று. ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனி முகவரி கிடைத்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கிற நூறு காணொளிகளுக்கும் முகவரி ஒன்றுதான்.

இடம் மட்டும் போதாது. நாள் முழுவதையும் மூளை ஒரே நீளமாகப் பதிவதில்லை, துண்டு துண்டாக வெட்டித்தான் வைத்துக்கொள்கிறது. உளவியலாளர் ஜெஃப்ரி ஸாக்ஸும் அவரோடு உழைத்தவர்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இடம் மாறும்போது, கூட இருப்பவர் மாறும்போது, நோக்கம் மாறும்போது ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. பின்னால் நினைவுகூர இந்த எல்லைகள்தான் பிடிமானம். விளையாட்டில் எல்லைகளுக்குப் பஞ்சமே இல்லை. யார் பிடிப்பது என்று முடிவாகிறது, ஒருவர் அவுட் ஆகிறார், விதி மாறுகிறது, ஒருவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், ஐந்து நிமிடத்தில் திரும்பி வருகிறார். முடிவே இல்லாமல் கீழே கீழே தள்ளிக்கொண்டு போகும் திரையில் நிறுத்தம் இருக்கக் கூடாது என்றே திட்டமிட்டு வடிவமைக்கிறார்கள். நிறுத்தம் இல்லாத இடத்தில் எல்லை ஏது? இதற்காகத் திரை என்றாலே எதுவும் பதியாது என்று நான் சொல்ல வரவில்லை. நண்பர்கள் நாலு பேர் ஒரே அறையில் முட்டி மோதிக்கொண்டு முறைவைத்து ஆடிய வீடியோ கேமும் கண்ணாமூச்சி போலவே தெளிவாக நினைவிருக்கும். அங்கே ஆட்கள் இருந்தார்கள், முறை இருந்தது, தோல்வி இருந்தது.

அந்த மதியங்களின் நீளமும் இங்கிருந்துதான் வருகிறது. நேரத்தை மூளை இரண்டு விதமாக அளக்கிறது. ஒன்று, கடந்துகொண்டிருக்கும்போது. மற்றது, பின்னால் திரும்பிப் பார்க்கும்போது. திரும்பிப் பார்க்கையில், எவ்வளவு நிறைய பதிந்திருக்கிறதோ அவ்வளவு நீளமாகத் தெரியும். மூளை ஆய்வாளர் டேவிட் ஈகிள்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், சுமார் 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களைப் பின்புறமாகக் கீழே விழவிட்டு வலையில் தாங்கினார்கள். மற்றவர்கள் விழுந்ததைவிடத் தாங்கள் விழுந்த நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று விழுந்தவர்கள் மதிப்பிட்டார்கள். அவர்கள் மணிக்கட்டில், எண்கள் மிக வேகமாக மாறிமாறி மின்னும் ஒரு கருவியும் கட்டியிருந்தது. காலம் உண்மையிலேயே மெதுவாகியிருந்தால் அந்த எண்களைப் படித்திருக்க முடியும். யாராலும் முடியவில்லை. காலம் நீளவில்லை, நினைவின் அடர்த்திதான் அதை நீளமாகக் காட்டியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். குழந்தைப் பருவத்தில் ஏறக்குறைய எல்லாமே முதல் தடவை. முதல் தடவை நடப்பதை மூளை விரிவாகப் பதிகிறது. வயது ஏற ஏற வருடங்கள் சுருங்குவதுபோல் தோன்றுவதற்கு இதையே காரணமாக உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எழுதியிருக்கிறார்.

மணத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஈர மண், பழைய ரப்பர் பந்து, கையில் ஒட்டிய பசை என்று ஏதோ ஒரு வாசனை பட்டவுடன் மனம் சட்டென்று சின்ன வயதுக்குப் போய்விடும். கண்ணிலும் காதிலும் வருகிற செய்திகள் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் வெளியடுக்கான மேற்புறணிக்குப் போகின்றன. மணம் மட்டும் அந்த வழியைத் தொடாமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவை நேரடியாக அடைகிறது. ஸ்வீடனில் யோஹன் வில்லாண்டர், மரியா லார்சன் இருவரும் முதியவர்களிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. சொற்களும் படங்களும் கிளறிய நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 20 வயதுக்குள் இருந்தன. மணம் கிளறியவை 10 வயதுக்கும் முன்னால் போயின.

சரி, அந்த நினைவுகள் எல்லாம் உண்மைதானா? முழுக்க இல்லை. நினைவு தன்னைத்தானே மெருகேற்றிக்கொள்கிறது. 1997இல் டெரன்ஸ் மிட்செல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூன்று வார சைக்கிள் பயணம் போனவர்களிடம் போவதற்கு முன், பயணத்தின்போது, திரும்பிய பின் என்று மூன்று கட்டத்திலும் கேட்டார்கள். நடுவில் மழை, களைப்பு, ஏமாற்றம். திரும்பிய சில நாட்களிலேயே அதெல்லாம் மங்கி, நடந்துகொண்டிருந்தபோது சொன்னதைவிட நல்லதாகப் பயணத்தை மதிப்பிட்டார்கள். கெட்ட நினைவின் வலி, நல்ல நினைவின் மகிழ்ச்சியைவிடச் சீக்கிரம் தணிவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த மதியங்களில் அணியில் கடைசியாகக் கூப்பிடப்பட்ட அவமானமும் இருந்தது, பெரிய பையன்களின் அடியும் இருந்தது, என்ன செய்வதென்றே தெரியாத சலிப்பும் இருந்தது. இவை முதலில் நிறம் மங்குகின்றன.

கடந்துபோனதை நினைத்து ஏங்கும் இந்த ஏக்கத்தையே ஒரு காலத்தில் நோய் என்றார்கள். 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டு வந்த சுவிஸ் மக்களிடம் கண்ட நோயாக இதைப் பாசல் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கொடுத்தார். இன்றைய ஆய்வு நேர் எதிர்த் திசையில் போகிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடெஸ் முதலானோர் 2006இலிருந்து காட்டிவருவது இது: தனிமையும் சோர்வும் இந்த ஏக்கத்தைக் கிளப்புகின்றன, கிளம்பிய ஏக்கமோ நமக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வைத் திருப்பித் தருகிறது. எனவே இதை வெறும் புலம்பலாக ஒதுக்கிவிடுவது தவறு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் உண்மையில் இழந்தது என்ன? குழந்தைகள் விளையாடுவதையே விட்டுவிட்டார்கள் என்ற கவலை கைபேசிக்கு மிக முந்தையது. குழந்தை விளையாட்டுகளை நேரில் திரட்டிய ஓபி தம்பதியர், 1969இல் வெளியிட்ட நூலில், தெரு விளையாட்டு அழிகிறது என்ற புலம்பல் அன்றைக்கே பழையது என்று எடுத்துக்காட்டினார்கள். ஆனால் ஒன்று நிச்சயமாக மாறியிருக்கிறது. மேயர் ஹில்மன் குழுவினரின் கணக்குப்படி, 1971இல் இங்கிலாந்தில் 7, 8 வயதுக் குழந்தைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். அப்போது ஸ்மார்ட்போன் இல்லை. வெளியே அனுப்பாததற்குப் பெற்றோர் முதலில் சொன்ன காரணம் சாலைப் போக்குவரத்து. குழந்தைகள் சுயமாகச் சுற்றிய பரப்பு முதலில் சுருங்கியது, அப்படிக் காலியான நேரத்துக்குள் திரை பிறகுதான் வந்தது. கைபேசியை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் இருந்தால் அந்த மதியம் திரும்பி வராது என்று நான் சொல்வது இதனால்தான்.

இழப்பின் மையம் அந்தச் சுயேச்சையான நேரம். என்ன விளையாடுவது, யார் சேரலாம், எது விதி, எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தைகளே தீர்மானித்த நேரம். கொலராடோவில் ஜேன் பார்க்கர், யுகோ முனகாட்டா முதலானோர் 2014இல் 6, 7 வயதுள்ள 70 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பெரியவர்கள் திட்டமிடாத நேரம் அதிகம் கிடைத்தவர்கள் தாமாகவே இலக்கு வைத்துச் செயல்படும் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

விளையாட்டு ஆசை அப்படியேதான் இருக்கிறது. அது மூளையின் ஆழத்தில் வேரூன்றியது. மூளை ஆய்வாளர் யாக் பாங்க்செப்பின் ஆய்வகத்தில், பிறந்தவுடன் மூளையின் மேற்புறணி நீக்கப்பட்ட எலிக்குட்டிகள்கூட வளர்ந்ததும் ஒன்றையொன்று துரத்திப் புரண்டு விளையாடின. துணையில்லாமல் சிறிது காலம் தனியே அடைக்கப்பட்ட எலிக்குட்டிகளை மறுபடி ஒன்றாக விட்டபோது, எப்போதும் கூட்டமாக இருந்தவற்றைவிட அவை அதிகமாகவே விளையாடின.