வெயிலைப் பார்த்து வெட்சூட் எடுக்காதீர்கள்

சர்ஃபிங் கற்றுக்கொடுக்கும் வேலையில் எனக்குக் கவலை கூடுவது நடுக்குளிர்காலத்தில் இல்லை, குளிர் விட்டபிறகுதான். ஜனவரிக் குளிரில் வருபவர் பயந்துபோய்த் தடிமனான வெட்சூட்டோடுதான் (குளிர்நீரில் உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) வருவார். குளிர் குறைந்து நல்ல வெயில் அடிக்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை வருபவரோ அரைக்கை, அரைக்கால் சூட்டோடு வந்து நிற்பார். கரையில் 20 டிகிரி இருக்கும், ஆனால் தண்ணீர் அன்றைக்கும் 10, 11 டிகிரியிலேயே கிடக்கும்.

கடல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். வட அரைக்கோளத்தின் மிதவெப்பக் கடற்கரைகளில் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பது டிசம்பரில் அல்ல, பிப்ரவரி, மார்ச்சில்; வெதுவெதுப்பாக இருப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். தென் அரைக்கோளத்துக்கு ஆறு மாதம் தள்ளிக் கணக்குப் போடுங்கள். சில கரைகளில் தொடர்ந்து வீசும் காற்று மேல்தண்ணீரைக் கடலுக்குள் தள்ளிவிடும், அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் அந்த இடத்துக்கு ஏறி வரும், அப்போது நடுக்கோடையில்கூட சில நாட்களில் பல டிகிரி இறங்கிவிடும். அதனால் மாதத்தை மட்டும் நம்பாமல், கிளம்பும் முன் அன்றைய கடல் வெப்பநிலையைப் பாருங்கள்.

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழுந்தால் உடம்பு தானாகவே மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் தலை அலைக்குள் இருந்தால் நுரையீரலுக்குப் போவது தண்ணீர்தான். ஓரிரு நிமிடத்தில் இது அடங்கிவிடும், அதுவரை போர்டைப் பிடித்து மிதந்தால் போதும். அதற்கப்புறம் மெல்ல மெல்ல கைகள் சொன்னபடி கேட்காமல் போகும். ஒருமுறை என் மாணவர் ஒருவர் மெல்லிய சூட்டோடு அரை மணி நேரத்துக்கு மேல் நன்றாகவே அலை ஏறிக்கொண்டிருந்தார், 'இன்னும் ஒரே ஒரு அலை' என்றார். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னேன், முடியவில்லை. கரைக்கு அழைத்து வந்தால் முதுகு ஜிப்பின் கயிற்றை அவரால் பிடிக்கக்கூட முடியவில்லை, நான்தான் இழுத்துவிட்டேன். அன்றிலிருந்து எல்லோரிடமும் அவ்வப்போது இந்த விரல் சோதனையைக் கேட்கிறேன்.

சரி, எதை வாங்குவது? 3/2 என்றால் நெஞ்சு, முதுகுப் பகுதியில் 3 மில்லிமீட்டர், கை கால்களில் 2. நான் சொல்வது இப்படி: தண்ணீர் 24 டிகிரிக்கு மேல் என்றால் ரேஷ் கார்டு (உடம்போடு ஒட்டும் மெல்லிய நீச்சல் சட்டை) போதும், 20 வரை அரைக்கை சூட், 16 வரை முழு 3/2, 12 வரை 4/3, கூடவே பூட்ஸ், அதற்கும் கீழே 5/4, கையுறை, தலையுறை. காற்று பலமாக இருந்தாலோ, ஒல்லியான உடம்பு என்றாலோ ஒரு படி தடிமனானதற்குப் போங்கள்.

தடிமனைவிட முக்கியம் அளவு. பலர் நினைப்பதுபோல் வெப்பத்தைக் காப்பது உள்ளே நிற்கும் தண்ணீர் அல்ல, சூட்டின் ரப்பரான நியோப்ரீனுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வாயுக்குமிழிகள். உள்ளே தண்ணீர் குறையக் குறைய நல்லது. இடுப்புக்குப் பின்னாலும் அக்குளிலும் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அலையும் புதுக் குளிர்நீரை உள்ளே இறக்கும், 5 மில்லிமீட்டர் போட்டும் பயனில்லை. மூச்சை முழுதாக இழுக்க முடிகிறதா, கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். குளிர்நீருக்கு என்றால், ஊசி மறுபக்கம் துளைக்காமல் ஒட்டித் தைத்த தையல்தான் வேண்டும். சாதாரணத் தட்டைத் தையலின் ஓட்டைகள் வழியே தண்ணீர் கசியும். பழைய சூட்டில் குமிழிகள் நசுங்கியிருக்கும், எனவே 4/3 என்று எழுதியிருந்தாலும் அந்தக் கதகதப்பு இருக்காது.

வெளியே வந்தபின்னும் கொஞ்ச நேரத்துக்கு உடம்பின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். காற்று படாத இடத்தில் ஈர உடையைக் கழற்றி, துடைத்து, தொப்பி உட்பட உலர்ந்த துணி போடுங்கள். நடுக்கம் நின்று, கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடுகிறவரை வண்டியை எடுக்க வேண்டாம்.