பின்னிருக்கைப் பேச்சும் 200 மில்லி விநாடியும்

அமெரிக்க நகரம் ஒன்றில் ஊபர் வண்டியில் ஏறி அமர்ந்ததும், ஓட்டுநர் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, "ஹவ்ஸ் யுவர் டே கோயிங்?" என்று கேட்கிறார். அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் வாதிடக்கூடியவர்கள்கூட, விமானம் தாமதமான கதையிலிருந்து தொடங்குவதா, ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வதா என்று இந்தக் கேள்வியின் முன் தடுமாறுவதுண்டு. அந்தத் தடுமாற்றத்தில் இலக்கணத்தின் பங்கு சிறிது. நேரத்தின் பங்கே பெரிது.

முதலில், அவர் கேட்டது தகவல் அன்று. செய்தி எதையும் சொல்லாமல் பேசுவோரிடையே இணக்கத்தை மட்டும் உண்டாக்கும் பேச்சை ஒரு தனி வகையாக, 1923-இல் வெளியான தம் கட்டுரையில் மானிடவியலாளர் புரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி பிரித்துக் காட்டினார். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால் சகுனத்தடை என்று அஞ்சி, "தூரமா?" என்று மட்டும் கேட்டு நகர்ந்துவிடும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போகும் இடம் அவர்களுக்கு முக்கியமல்ல. கண்டும் காணாமல் போகவில்லை என்பதே முக்கியம்.

சிக்கல் பதில் சொல்ல வேண்டிய வேகத்தில் இருக்கிறது. தான்யா ஸ்டைவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி விநாடிதான் கழிகிறது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே சுமார் 600 மில்லி விநாடி பிடிக்கும். ஆகவே, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, நம் பதிலை மூளை கட்டத் தொடங்கிவிடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும். பிற்பாடு கற்ற மொழியில் இந்த ஊகமும் கட்டுமானமும் மந்தமாகின்றன. ஆங்கில உரையாடல்களில் சுமார் ஒரு விநாடிக்கு மேல் மௌனம் நீள்வது அரிது என்று உரையாடல் ஆய்வாளர் கெயில் ஜெஃபர்சன் கண்டறிந்தார். அதைத் தாண்டினால், யோசிப்பவர்கூட விருப்பமற்றவராகத் தோன்றக்கூடும்.

சொல் சொல்லாகக் கோக்காமல் முழுத் தொடராக நினைவிலிருந்து எடுக்கும் வாய்பாடுகள் கைகொடுப்பது இதனால்தான். "பிரிட்டி குட், தேங்க்ஸ். பிஸி டே ஃபார் யூ?" என்பதில் புதுமை எதுவுமில்லை; ஆனால் அது உடனே வருகிறது, அடுத்துப் பேசும் வாய்ப்பையும் ஓட்டுநரிடம் திருப்பித் தருகிறது. அவர் "யெஸ்" என்று நிறுத்திக்கொள்ளலாம், விரும்பினால் காலை முதல் பட்ட பாட்டையும் சொல்லலாம். மொழி ஆய்வாளர்கள் பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் வகுத்த நாகரிகப் பேச்சுக் கோட்பாட்டின் ஒரு பாதி, இப்படி மற்றவரின் சுதந்திரத்தில் குறுக்கிடாமல் இருப்பதே. இந்த அளவுகோலில் "வேர் ஆர் யூ ஃப்ரம்?" தோற்றுவிடுகிறது என்பது என் கருத்து; புலம்பெயர்ந்து வந்த ஓட்டுநரை, உச்சரிப்பை வைத்து அவருடைய பிறப்பிடத்துக்குக் கணக்குச் சொல்ல வைக்கும் கேள்வி அது.

காருக்கென்று தனி இயற்பியலும் உண்டு. இருவரும் முன்னோக்கியே அமர்ந்திருப்பதால், பேசும் வாய்ப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறுவதைக் காட்டும் பார்வைக் குறிப்புகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை; குரலின் ஏற்ற இறக்கத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாக, சாலை இங்கே மூன்றாவது பங்கேற்பாளராகிறது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வண்டி ஓட்டும் பாவனைக் கருவியில் நடத்திய சோதனையில், உடன் பயணிப்பவரின் பேச்சு போக்குவரத்து நெரிசலுக்கேற்ப மாறியதையும், கைபேசியில் பேசியவரிடம் அந்த இசைவு இல்லாததையும் கண்டு 2008-இல் வெளியிட்டனர். சந்திப்பில் வண்டி திரும்பும்போது விழும் மௌனம் யாரையும் உறுத்தாது. மௌனமே வேண்டுமென்போருக்கு, 2019-இல் ஊபர் நிறுவனம் அமெரிக்காவில் தன் உயர்வகை வண்டிகளில் அதை ஒரு தெரிவாகவே வைத்தது.

இறங்கும் நேரத்தில் இன்னொரு வாய்பாடு தயாராக நிற்கிறது. விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிக் கொடுத்த ஓட்டுநர் "ஹாவ் எ குட் ஃபிளைட்" என்கிறார். பயணியும் உடனே "யூ டூ" என்கிறார். எங்கும் பறக்கப்போகாத ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்புகிறார். பதில் மட்டும் 200 மில்லி விநாடிக்குள் வந்துவிட்டது.